பள்ளி திறந்தாச்சு, பள்ளி வளாகத்துப் பால்வாடி எப்போது திறக்கும்? தருமபுரிப் பெற்றோருக்கான கேள்வி பதில்

தருமபுரி மாவட்டத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் காம்பவுண்டுக்குள்ளேயே பால்வாடியும் இருக்கிறது. இந்த ஜூனில் பள்ளி திறந்தது, பால்வாடி திறக்கவில்லை. என் மகன் மூன்றாம் வகுப்பு. மகளுக்கு மூன்றரை வயது. அண்ணன் பை மாட்டினால் அவளும் பை மாட்டுவாள். கேட் வரைக்கும் வந்து, பூட்டுத் தொங்கும் கதவைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டு என்னோடு திரும்பி நடப்பாள். எட்டு வாரம் இப்படியே போனது. ஆடி மாதத்தில்தான் மகளிர் குழுக் கட்டடத்தில் தற்காலிகமாக ஆரம்பித்தார்கள். புதுக் கட்டடம் இன்னும் முடியவில்லை.

அந்த எட்டு வாரத்தில் பள்ளி கேட்டுக்கு வெளியே அம்மாக்கள் நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்ட கேள்விகள்தான் கீழே இருப்பவை. பதில்களை ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கித் தெரிந்துகொண்டேன். இதெல்லாம் முன்பே தெரிந்திருந்தால் இரண்டாவது வாரமே எங்கள் குழந்தைகள் உள்ளே உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைக்கும்போது மனசு ஆறவில்லை. இன்னும் பூட்டுத் தொங்கும் ஊர்களுக்காக எழுதுகிறேன்.

பால்வாடி, அங்கன்வாடி, குழந்தைகள் மையம், எல்லாம் ஒன்றுதானா?

ஒன்றுதான். நாம் பால்வாடி என்கிறோம், பலகையில் அங்கன்வாடி மையம் அல்லது குழந்தைகள் மையம் என்று இருக்கும். 1975 அக்டோபர் 2 அன்று நாட்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் கீழ் இவை நடக்கின்றன. தமிழ்நாட்டில் மொத்தம் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள். மனுவில் எழுதும்போது மட்டும் 'அங்கன்வாடி மையம்' என்றே எழுதுங்கள்.

ஒரே காம்பவுண்டு, ஒரே கேட். பள்ளி திறந்த அன்றே பால்வாடியும் திறக்க வேண்டாமா?

எங்களுக்கும் இதுதான் புரியவில்லை. கேட் ஒன்றுதான், ஆனால் உள்ளே மூன்று பேருடைய பொறுப்பு இருக்கிறது. பள்ளியை நடத்துவது பள்ளிக் கல்வித் துறை. பால்வாடியை நடத்துவது சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறை. கட்டடத்தைக் கட்டுவது, பழுது பார்ப்பது, இடிப்பது எல்லாம் ஊராட்சி ஒன்றியத்தின் கையில். பள்ளி திறக்கும் தேதி பள்ளிக்கு மட்டும்தான் பொருந்தும். பால்வாடிக்கு மே மாதத்தில் தனியாகக் கொஞ்ச நாள் விடுமுறை விடுகிறார்கள், அது முடிந்ததும் திறந்துவிட வேண்டும். சொல்லப்போனால் பள்ளிக்கு முன்னாலேயே திறந்திருக்க வேண்டியது அது.

எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். போன ஐப்பசி மழையில் பால்வாடி மேல்கூரையில் காரை பெயர்ந்து விழுந்தது. நல்லவேளை, ராத்திரியில் விழுந்தது. குழந்தைகளைப் பள்ளியின் ஒரு வகுப்பறைக்கு மாற்றினார்கள். ஜூனில் பள்ளியில் பிள்ளைகள் கூடிவிட்டதால் அந்த அறை பள்ளிக்கே தேவைப்பட்டது. பழைய அறை பூட்டு, புதுக் கட்டடம் தூண் மட்டத்தில் நிற்கிறது, வகுப்பறையும் போச்சு. பள்ளியில் கேட்டால் 'அது அவங்க துறை' என்றார்கள். அந்தத் துறையில் கேட்டால் 'ஒன்றியத்தில் கட்டடம் ஒப்படைக்கணும்' என்றார்கள். ஒன்றியத்தில் கேட்டால் 'அடுத்த வாரம்' என்றார்கள். இந்த அடுத்த வாரத்தை நாங்கள் ஐந்து முறை கேட்டோம். மூன்று இடத்திலும் நம்மிடம் பொய் சொல்லவில்லை. அவரவர் பங்கை மட்டும் சொன்னார்கள். மொத்தமும் யார் பொறுப்பு என்று சொல்ல மட்டும் ஆள் இல்லை.

கட்டடம் ஆபத்தாக இருந்தால் பூட்டுவது நல்லதுதானே?

நல்லதுதான். அதில் எந்தப் பெற்றோருக்கும் மாற்றுக் கருத்து இருக்கக் கூடாது. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் மாநிலம் முழுக்க பள்ளி வளாகங்களில் பழுதான கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்க ஆரம்பித்தார்கள். விரிசல் விட்ட அறையைத் திறக்கச் சொல்லி யாரும் வற்புறுத்தாதீர்கள்.

ஆனால் கட்டடத்தைப் பூட்டுவது வேறு, மையத்தை நிறுத்துவது வேறு. இந்த வித்தியாசம் புரிந்த நாளிலிருந்துதான் எங்கள் பேச்சு மாறியது. 'பால்வாடியை எப்போது திறப்பீங்க?' என்று கேட்டவரைக்கும் கட்டடக் கதைதான் பதிலாக வந்தது. 'கட்டடம் முடியுறப்போ முடியட்டும். நாளைக்கு எங்கள் குழந்தைங்க எங்கே உட்காரணும், எங்கே சாப்பிடணும்?' என்று கேட்டபோது அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டு எங்களை உட்காரச் சொன்னார்.

புதுக் கட்டடம் ஏன் இப்படி இழுத்துக்கொண்டே போகிறது?

பணம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. நூறு நாள் வேலைத் திட்டத்தோடு சேர்த்து அங்கன்வாடி கட்டுவதற்கு ஒன்றிய (மத்திய) அரசு போட்ட கணக்கு 12 லட்சம் ரூபாய். அதில் 8 லட்சம் நூறு நாள் வேலைத் திட்டத்திலிருந்து, 2 லட்சம் நிதிக்குழு மானியத்திலிருந்து, 2 லட்சம் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்திலிருந்து. ஒன்று தாமதமானால் மேஸ்திரி வேலையை நிறுத்திவிட்டு வேறு ஊருக்குப் போய்விடுவார். கட்டி முடித்தாலும் மின் இணைப்பு, தண்ணீர்க் குழாய், கழிப்பறை எல்லாம் இருந்தால்தான் ஒப்படைப்பு. உங்கள் ஊர்க் கட்டடம் எந்தத் திட்டத்தில் வருகிறது, எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதை ஒன்றியப் பொறியாளரிடம் கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு எழுதிக் கேட்கலாம், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

மையம் பூட்டியிருக்கும் நாட்களில் குழந்தையின் சாப்பாடு?

எனக்கு அதிகம் வலித்தது இதுதான். என் மகனுக்குக் காலையில் பள்ளியிலேயே உணவு. 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை. மதியம் சத்துணவு. அவன் தங்கைக்கு அதே காம்பவுண்டில் கிடைத்துக்கொண்டிருந்த கலவை சாதமும் முட்டையும் சத்துமாவும் ஒரே நாளில் நின்றுபோனது. சமையல் வாசனை வரும், அவளுக்குத் தட்டு இருக்காது.

இது சலுகை கிடையாது, சட்டம். 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் அங்கன்வாடி வழியாக இலவச உணவு தரச் சொல்கிறது. 2013-இல் சட்டம் வந்தபோது மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 500 கலோரி, 12 முதல் 15 கிராம் புரதம் என்று இருந்தது. எடை குறைந்து நோஞ்சானாக இருக்கும் குழந்தைக்கு 800 கலோரி, 20 முதல் 25 கிராம் புரதம் என்று இருந்தது. இந்த அளவுப் பட்டியலை 2023-இல் திருத்தினார்கள். ஆண்டுக்கு 300 நாள் தர வேண்டும் என்பது கணக்கு. சேர வேண்டிய உணவு சேராமல் போனால் மாநில அரசு உணவுப் பாதுகாப்புப் படி தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 8-ஆவது பிரிவு சொல்கிறது. மனுவில் இந்தப் பிரிவின் எண்ணை எழுதுங்கள். எழுதினால் படிக்கிற விதமே மாறுகிறது.

இன்னொன்றும் நினைவில் வையுங்கள். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக எல்லா மையமும் மூடியபோது அரிசி, பருப்பு, முட்டையை வீட்டுக்கே கொடுத்தார்கள். நாடே மூடிக்கிடந்தபோது முடிந்தது, ஒரு கூரை ஒழுகும்போது முடியாதா? மாற்று இடம் கிடைக்கும்வரை உலர்பொருளாகக் கொடுங்கள் என்று நீங்கள் கேட்கலாம். அந்த நேரத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 ஜனவரி 13 அன்று, கட்டுப்பாட்டு மண்டலங்களுக்கு வெளியே அங்கன்வாடிகளைத் திறப்பது பற்றி அந்த மாத முடிவுக்குள் முடிவெடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது.

தற்காலிகமாக எங்கே நடத்தலாம்?

மகளிர் குழுக் கட்டடம், சமுதாயக் கூடம், ஊராட்சிக் கட்டடம், கோயில் மண்டபம், ஊரில் யாராவது தருகிற வாடகை வீடு. சொந்தக் கட்டடம் இல்லாத மையங்கள் வாடகையில் நடப்பது காலங்காலமாக உள்ள வழக்கம், வாடகைக்குத் திட்டத்திலேயே வழியும் இருக்கிறது. இடத்தை அதிகாரி வந்து தேடட்டும் என்று உட்கார்ந்திருந்தால் நாள்தான் போகும். நாங்களே மூன்று இடத்தைப் பார்த்து எழுதிக் கொடுத்தோம், ஒரு வாரத்தில் மேற்பார்வையாளர் வந்து பார்த்தார்.

இடம் பார்க்கும்போது எங்களை மாதிரி ஏமாறாதீர்கள். முதலில் பார்த்த வீடு நல்ல காற்றோட்டம். ஆனால் கொல்லையில் இருபதடி தூரத்தில் சுற்றுச்சுவர் இல்லாத கிணறு. நம் மாவட்டத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் திறந்த கிணறு உண்டு, மூன்று வயதுக் குழந்தைக்குக் கிணறு என்றால் என்னவென்று தெரியாது. அப்புறம் தண்ணீர். நம் மண்ணில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம், பல்லில் பழுப்புக் கறை விழுந்த பிள்ளைகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும் இடமா என்று பாருங்கள். சமையல் ஒரு பக்கம், குழந்தைகள் ஒரு பக்கம் பிரிக்க முடிய வேண்டும்.

தலைமையாசிரியரிடம் சண்டை போட்டால் நடக்குமா?

நடக்காது. பால்வாடி அவர் கட்டுப்பாட்டில் இல்லை, வகுப்பறை இல்லாமல் அவரும் திண்டாடுகிறார். ஆனால் அவரிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. காலியாக இருக்கிற, பொருட்கள் போட்டு வைத்திருக்கிற அறை ஏதாவது இருந்தால் தற்காலிகமாகத் தர முடியுமா என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேளுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். அங்கே ஒரு தீர்மானம் எழுதிவிட்டால் அவருக்கும் மேலதிகாரியிடம் காட்ட ஒரு காகிதம் கிடைக்கும்.

பால்வாடி டீச்சரும் ஆயம்மாவும் ஏன் எதுவும் செய்வதில்லை?

இந்தக் கேள்வியை நானும் கோபத்தில் கேட்டிருக்கிறேன். பிறகு பார்த்தால் எங்கள் டீச்சரம்மா பக்கத்து ஊர் மையத்தையும் கூடுதல் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். காலிப் பணியிடங்கள் அப்படிச் சேர்ந்து கிடந்தன. 2025-இல்தான் பணியாளர், குறு மையப் பணியாளர், உதவியாளர் என்று 7,783 இடங்களை நிரப்ப அரசு அறிவிப்பு விட்டது. சத்துமாவுப் பாக்கெட்டைத் தன் வீட்டில் அடுக்கி வைத்து, கர்ப்பிணிகளுக்குத் தெருத் தெருவாகப் போய்க் கொடுத்தவர் அவர். அவரிடம் கோபத்தைக் காட்டினால் நமக்கு உள்ள ஒரே ஆளையும் இழப்போம். அவரால் மேலே எழுத முடியாததை நாம் எழுதலாம். அதற்கு அவரிடமிருந்து வேண்டியது மையத்தின் எண்ணும், பதிவில் உள்ள குழந்தைகளின் எண்ணிக்கையும்தான்.

மனுவை யாரிடம் கொடுப்பது? என்ன எழுதுவது?

முதலில் வட்டார அளவிலான குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர். அதே மனுவின் நகல் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு. இரண்டு மேசையிலும் ஒரே நாளில் இருந்தால்தான் ஒருவரை ஒருவர் கைகாட்ட முடியாது. ஒரு வாரம் பாருங்கள். அசைவு இல்லையென்றால் திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம். அங்கே தரும் ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள், அதிலுள்ள எண்ணை வைத்துத்தான் பிறகு கேட்க முடியும். அரூரிலிருந்தோ ஏரியூரிலிருந்தோ தருமபுரி வரை போய்வர ஒரு நாள் கூலி போய்விடும் என்பவர்கள் 1100 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகாரைப் பதிவு செய்யலாம். கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்களுக்கும் இதே வழிதான், ஆட்சியர் அலுவலகம் மட்டும் கிருஷ்ணகிரியில்.

நாங்கள் எழுதியது கிட்டத்தட்ட இப்படி:

'எங்கள் ஊர் அங்கன்வாடி மையம் ஜூன் மாதம் முதல் செயல்படவில்லை. பதிவில் உள்ள 27 குழந்தைகளுக்கும் உணவும் முன்பருவக் கல்வியும் நின்றுள்ளன. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013, பிரிவு 5 மற்றும் 8-இன்படி உணவு தொடர ஏற்பாடு செய்யவும், கீழே குறிப்பிட்டுள்ள மூன்று இடங்களில் ஒன்றில் தற்காலிகமாக மையத்தை நடத்தவும், தொடங்கும் தேதியை எழுத்துமூலம் தெரிவிக்கவும் கேட்டுக்கொள்கிறோம்.'

அவ்வளவுதான். கீழே பெற்றோர் கையெழுத்தும் கைநாட்டும். முதல் மனுவில் நான் எங்கள் கஷ்டமெல்லாம் மூன்று பக்கம் எழுதியிருந்தேன், யாரும் படிக்கவில்லை. தேதியை எழுதித் தரச் சொன்ன அந்தக் கடைசி வரிதான் வேலை செய்தது. வாயால் சொன்ன 'அடுத்த வாரம்' காற்றோடு போய்விடும், காகிதத்தில் எழுதிய தேதியை அப்படி விட்டுவிட முடியாது.

கிராமசபையையும் விடாதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று கண்ணால் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

எதற்கு ஊர் வம்பு, நாளைக்கு நம் குழந்தைக்கே பிரச்சினை வந்தால்?

பயம் இருக்கத்தான் செய்யும். எங்களில் சிலர் கடைசிவரை கையெழுத்துப் போடவில்லை, அவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன். தனியாகப் போனால் அந்த ஒருவரின் முகம் மட்டும்தான் அதிகாரிகள் நினைவில் நிற்கும். நாங்கள் பதினோரு பேர் குழந்தைகளோடு போனோம். யாரையும் திட்டவில்லை. குழந்தைகள் பசிக்கு அழுதார்கள், அதை நாங்கள் அடக்கவும் இல்லை.

எங்கள் பால்வாடியில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்பு இருந்ததே, அது என்ன ஆகும்?

2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடி மையங்களில் இந்த வகுப்புகளைத் தொடங்கினார்கள். 2022 ஜூனில் நிறுத்தப்போவதாகச் செய்தி வந்து, பெற்றோர் எதிர்ப்புக்குப் பிறகு தொடரும் என்று அறிவித்தார்கள். அப்போது மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியத்தில் சிறப்பாசிரியர்களை எடுக்கவும் முடிவானது. உங்கள் ஊர் அந்தப் பட்டியலில் இருந்தால், மையம் இடம் மாறினாலும் ஆசிரியரும் கூட வர வேண்டும் என்று மனுவில் தனியாகக் கேளுங்கள். பெற்றோர் குரல் எழுப்பியதால் ஒரு முடிவு மாறியது என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் உதாரணம் இல்லை.

அதுவரை நாங்கள் வேலைக்கு எப்படிப் போவது?

இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. எங்கள் ஊரில் ஒருத்தி தக்காளி பறிக்கப் போகும்போது குழந்தையை வரப்பில் புங்கமரத்தடியில் உட்கார வைத்தாள். ஒருத்தி எட்டு வயது மகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் தம்பியைப் பார்க்க வைத்தாள். ஆக பால்வாடி பூட்டியதில் பள்ளிப் படிப்பும் சேர்ந்து நின்றது. நான் தையல் கம்பெனி வேலையை அரை நாளாக்கினேன், சம்பளமும் அரையானது. மாமியாருக்கு முழங்கால் வலி, ஓடுகிற குழந்தையைப் பிடிக்க முடியாது.

கேட்கக் கூடிய உரிமைகள் சில உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்க்கலாம் என்று 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஓசூர், சூளகிரி, பர்கூர் பக்கம் தொழிற்சாலைக்குப் போகும் பெண்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 2005-இன் நூறு நாள் வேலைச் சட்டத்திலேயே, வேலையிடத்துக்கு ஆறு வயதுக்குக் கீழ் ஐந்து குழந்தைகள் வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நிறுத்த வேண்டும் என்று இருந்தது.

எங்கள் தெருவில் நான்கு வீடு சேர்ந்து முறை வைத்தோம். ஒரு நாளைக்கு ஒருத்தி வேலைக்குப் போகாமல் எல்லாக் குழந்தைகளையும் பார்ப்பது. நான்கு நாளில் ஒரு நாள் கூலி மட்டும்தான் போனது. இதை முதல் வாரமே செய்திருக்கலாம்.

பேசாமல் தனியார் நர்சரியில் சேர்த்துவிடலாமா?

முடிந்தவர்கள் சேர்த்தார்கள், நகையை வைத்துச் சேர்த்தவர்களும் உண்டு. அது உங்கள் முடிவு. ஆனால் பால்வாடிப் பதிவிலிருந்து குழந்தையின் பெயரை அவசரப்பட்டு எடுக்கச் சொல்லாதீர்கள். பதிவில் எண்ணிக்கை குறைந்தால், 'பிள்ளைகளே இல்லாத ஊருக்கு எதற்கு மையம்' என்ற பேச்சு வரும். அதனால் வரும் நஷ்டம் மீதி இருக்கும் ஏழைக் குழந்தைகளுக்குத்தான்.

மையமே இல்லாத குக்கிராமம் எங்களுடையது. நாங்கள் என்ன செய்வது?

ஆறு வயதுக்குக் கீழ் 40 குழந்தைகள் இருக்கும் கிராமக் குடியிருப்பு கேட்டால், மூன்று மாதத்துக்குள் மையம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பர் 13 அன்று உத்தரவிட்டிருக்கிறது. குழந்தைகளின் பெயர், பிறந்த தேதியோடு பட்டியல் போட்டுக் கொடுங்கள்.

திறந்த பிறகு கவனிக்க வேண்டியது என்ன?

முதல் வாரம் குழந்தை அழும். இரண்டு மாதம் அம்மா மடியிலேயே இருந்துவிட்டு வருகிறது அல்லவா. என் மகள் மூன்று நாள் என் புடவை முந்தானையை விடவில்லை. நான்காம் நாள் ஆயம்மா தட்டை வைத்ததும் போய் உட்கார்ந்துவிட்டாள்.

எடை போடச் சொல்லுங்கள், முதல் நாளே. மாதாமாதம் எடை பார்த்துப் பதிவது மையத்தின் வேலை, பூட்டிய மாதங்களில் அது நடந்திருக்காது. மே மாத எடை எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று இரண்டையும் கேட்டு வீட்டுக் காலண்டரில் எழுதி வையுங்கள். குறைந்திருந்தால் கூடுதல் சத்துணவுக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனைக்கும் டீச்சரிடம் அன்றே சொல்லுங்கள். தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் போங்கள், விட்டுப்போனது இருந்தால் தெரிந்துவிடும். என் மகள் எடை முந்நூறு கிராம் குறைந்திருந்தது. அந்த எண்ணையும் அடுத்த மனுவில் எழுதியிருக்கிறேன், புதுக் கட்டடத்துக்குத் தேதி கேட்கும் மனுவில்.